டி.ஆர்.ஓ. ஸ்கேல் தவறாகக் காட்டினால்: வீட்டுப் பட்டறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டுக் கராஜில் நிற்கும் லேத் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் கிராஸ் ஸ்லைடு, அதாவது வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதியின், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 0.1 அங்குலம், அதாவது 2.54 மி.மீ., நகரும். தென்னாப்பிரிக்கா 1970-களிலேயே மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. நம் கைக்கு வரும் வரைபடங்களும் பேரிங்குகளும் மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன. ஆனால் ஆலைகள் கழித்துவிட்ட பிறகு டர்பன் வீடுகளுக்கு வந்து சேரும் பழைய இயந்திரங்களில் பலவற்றின் திருகாணிகள் இன்னும் அங்குலக் கணக்கில்தான் ஓடுகின்றன. கணக்குப் போட்டே பாதிப் பொழுது போய்விடுவதால்தான் நம்மில் பலர் ஸ்லைடு நகர்ந்த தூரத்தை எண்ணாகக் காட்டும், டி.ஆர்.ஓ. எனப்படும் டிஜிட்டல் அளவு ஸ்கேலைப் பொருத்திக்கொள்கிறோம். பொருத்தியபின் எண் தவறாக வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை, அறிகுறிவாரியாக, நான் செய்துபார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் இயந்திரங்களிலும் நண்பர்களின் இயந்திரங்களிலும் நான் இதுவரை பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை டிஸ்ப்ளே பெட்டிக்குள் இருக்கவில்லை. பிராக்கெட்டின் ஆட்டத்திலும், எர்த் இணைப்பிலும், செட்டிங்கிலும், அழுக்கிலும்தான் இருந்தன. ஆகவே புதுப் பெட்டி வாங்கக் காசு எடுப்பதற்கு முன், மேக்னடிக் ஸ்டாண்டோடு ஒரு டயல் இண்டிகேட்டர், ஒரு மல்டிமீட்டர், பக்கங்கள் 25.4, 50.8, 76.2 மி.மீ. உள்ள, சாணை பிடித்த ஒரு எஃகுக் கட்டை ஆகிய மூன்றையும் மேசைமேல் எடுத்து வையுங்கள். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவையே போதும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை ஸ்கேல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அலுமினிய உறைக்குள் கோடிட்ட கண்ணாடிப் பட்டையும், அதன்மேல் ஊர்ந்து ஒளியால் கோடுகளை எண்ணும் ஹெட்டும் இருந்தால் அது கண்ணாடி ஸ்கேல். வட தென் துருவங்கள் மாறிமாறிப் பதிந்த நாடாவின்மேல், அதைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு ஹெட் நகர்ந்தால் அது காந்த ஸ்கேல். டிஜிட்டல் காலிப்பரை நீட்டி வைத்தது போல, பட்டன் பேட்டரியில் ஓடக்கூடிய மலிவானது கெப்பாசிட்டிவ் ஸ்கேல். மூன்றும் கெடும் விதம் வேறுவேறு.

டிஸ்ப்ளே எரியவே இல்லை

இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. சாக்கெட்டில் வேறொரு கருவியைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பெட்டியின் பின்புறம் உள்ள ஃபியூஸைக் கழற்றி மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தும் எரியாவிட்டால், ஸ்கேல் கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போது எரிந்தால், ஏதோ ஒரு ஸ்கேலின் கேபிள் உள்ளே ஷார்ட் ஆகி 5 வோல்ட் வழங்கியைக் கீழே இழுக்கிறது. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் அது எது என்று பிடிபட்டுவிடும். லேத்தின் நீளவாக்கில் ஓடும் சேடிலுக்கும் அதைத் தாங்கும் பெட்டுக்கும் இடையில் நசுங்கிய கேபிள்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஸ்கேல் இறுக்கமாக இருக்கிறது, அல்லது உரசும் ஓசை வருகிறது

கைப்பிடியை உடனே நிறுத்துங்கள். கண்ணாடி ஸ்கேல் வரும்போது, ஹெட் அசையாமலும் சரியான இடைவெளியிலும் இருப்பதற்காகச் சிறு பிடிகளைப் போட்டு அனுப்புவார்கள். பொருத்தி முடித்தபின் அவற்றை எடுக்க மறந்திருக்கலாம். அவை இல்லையென்றால், ஸ்லைடு ஓடும் நீளம் ஸ்கேல் அளக்கும் நீளத்தைவிட அதிகமாக இருந்து, ஹெட் உறையின் முனையில் இடிக்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்தின் முழு ஓட்டத்தையும் விட ஸ்கேலின் அளக்கும் நீளம் இருபுறமும் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். உறையைக் கழற்றி மெல்லச் சாய்க்கும்போது உள்ளே கலகலவென்று ஒலித்தால் கண்ணாடி உடைந்துவிட்டது என்று பொருள். அதை ஒட்டிப் பயன்படுத்த வழியில்லை.

ஓர் அச்சு எண்ணவில்லை, அல்லது ஒரே எண்ணில் முன்னும் பின்னும் துள்ளுகிறது

மின்சாரத்தை அணைத்துவிட்டு, X அச்சின் பிளக்கையும் Y அச்சின் பிளக்கையும் மாற்றிச் செருகுங்கள். பழுது ஸ்கேலோடு சேர்ந்து அடுத்த அச்சுக்குப் போனால் ஸ்கேலிலோ கேபிளிலோ கோளாறு. பழைய இடத்திலேயே நின்றால் பெட்டியின் சாக்கெட்டிலோ அதற்குள்ளோ கோளாறு. ஒரு ஸ்கேல் எண்ணும் மிகச் சிறிய படி 1 மைக்ரானும் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) மற்றதன் படி 5 மைக்ரானும் ஆக இருந்தால், மாற்றிச் செருகியபின் காட்டும் அளவு ஐந்து மடங்கு தவறாக வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எண் ஓடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். இந்தச் சோதனையை ஒரே நிறுவனத்தின் ஒரே வகை ஸ்கேல்களுக்கு இடையில் மட்டுமே செய்ய வேண்டும். ஒன்பது பின் கொண்ட பிளக் வெளியில் ஒன்றுபோலவே இருந்தாலும், எந்தப் பின்னில் 5 வோல்ட் வருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தவறான பின்னுக்கு 5 வோல்ட் போனால் நல்ல ஸ்கேலும் போய்விடும்.

எண் ஓடாமல் துள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கேலின் ஹெட் இரண்டு தனித்தனி சமிக்ஞைகளை அனுப்புகிறது. ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று முந்தியோ பிந்தியோ வரும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் நகரும் திசையைப் பெட்டி தெரிந்துகொள்கிறது. ஒரு கம்பி அறுந்து ஒரு சமிக்ஞை நின்றுவிட்டால், மற்றொன்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் பெட்டி ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே என்று படிக்கும். எண் நின்ற இடத்திலேயே துள்ளும். வழக்கமான 5 மைக்ரான் கண்ணாடி ஸ்கேலில் கோடுகளின் இடைவெளி 20 மைக்ரான்; அதை நான்காகப் பிரித்துத்தான் 5 மைக்ரான் கிடைக்கிறது. ஆகவே அந்த ஸ்கேலில் ஒவ்வொரு சமிக்ஞையும் 10 மைக்ரானுக்கு ஒரு முறை மாறும். கையேட்டைப் பார்த்து அந்த இரண்டு பின்களையும் கண்டுபிடித்து, கைப்பிடியை நூலிழை நூலிழையாக நகர்த்தினால், மல்டிமீட்டர் 0-க்கு அருகிலிருந்து 5 வோல்ட்டுக்கு அருகிலும், அங்கிருந்து மறுபடி கீழேயும் மாறுவதைப் பார்க்கலாம். மாறாத கம்பி எதுவோ அதுதான் குற்றவாளி. பிளக்குக்குள் இருக்கும் ஈயப்பற்றையும், ஹெட்டிலிருந்து கேபிள் வெளியேறும் வளைவையும் முதலில் சோதியுங்கள்.

இயந்திரம் ஓடும்போது கடைசி இலக்கம் மட்டும் 0-வுக்கும் 5-க்கும் இடையே மினுங்குவது பழுதாகாது. ஹெட் இரு கோடுகளின் எல்லையில் நிற்கும்போது சிறு அதிர்வுக்கே அப்படி மாறும்.

எண் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் அளவு மடங்குக் கணக்கில் தவறுகிறது

எஃகுக் கட்டையைக் கொண்டு 50.8 மி.மீ. நகர்த்திப் பாருங்கள். காட்டும் எண்ணை உண்மை அளவால் வகுத்தால் கிடைக்கும் விடையே பழுதைச் சொல்லிவிடும். சரியாக 2 வந்தால், லேத்தின் X அச்சு விட்டக் கணக்கில் இருக்கிறது. கிராஸ் ஸ்லைடு 1 மி.மீ. போனால் ஜாப்பின், அதாவது வெட்டப்படும் துண்டின், விட்டம் 2 மி.மீ. குறையும் என்பதால் பெட்டி அப்படிக் காட்டுவது சரியே. ஆரக் கணக்கு வேண்டுமானால் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். 5 அல்லது ஐந்தில் ஒன்று வந்தால், ஸ்கேல் 1 மைக்ரானா 5 மைக்ரானா என்பதைப் பெட்டிக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள். 25.4-இல் ஒன்று வந்தால் அங்குலத்துக்கு மாற்றும் பட்டனில் கை பட்டிருக்கிறது. பழைய லேத்தும் வரைபடமும் வேறுவேறு அலகில் இருக்கும் நம் பட்டறைகளில் இது அடிக்கடி நேர்வது. எண் கூட வேண்டிய இடத்தில் குறைந்தால் திசை செட்டிங்கை மாற்றினால் போதும், ஸ்கேலைத் தலைகீழாக்கிப் பொருத்த வேண்டாம்.

விகிதம் 1.002 என்பது போல ஒன்றை ஒட்டி வந்தால், நீள்வாட்டுப் பிழைத் திருத்தம் என்ற செட்டிங்கில் யாரோ எண் போட்டிருக்கலாம். அதைப் பூச்சியமாக்கிவிட்டு மறுபடி அளந்து, பிழை இன்னும் இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லுங்கள். இயந்திரத்தின் ஆட்டத்தை மறைப்பதற்காக இந்தத் திருத்தத்தைப் பயன்படுத்துவது தவறு. ஓரிடத்தில் சரியாகும், மற்ற இடத்தில் கெடும்.

திசையை மாற்றும்போது எண் பின்தங்குகிறது, பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை

இந்த அறிகுறியைத்தான் மிகக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். கைப்பிடியில் உள்ள பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது திருகாணி வெறுமனே சுற்றும் ஆட்டம், டி.ஆர்.ஓ.-வில் தெரியக் கூடாது, ஏனென்றால் ஸ்கேல் திருகாணியை அளப்பதில்லை, ஸ்லைடை நேராக அளக்கிறது. அப்படியிருந்தும் திசை மாறும்போது 0.02 முதல் 0.05 மி.மீ. வரை காணாமல் போகிறது என்றால், ஸ்லைடுக்கும் ஸ்கேல் ஹெட்டுக்கும் நடுவில் ஏதோ வளைகிறது.

அளவெடுக்கும் கருங்கல் மேசையில் செய்வதுபோல நுட்பமான சோதனை ஒன்றும் தேவையில்லை. டயல் இண்டிகேட்டரை அசையாத பகுதியில் நிறுத்தி, அதன் முனை ஸ்லைடைத் தொடும்படி வையுங்கள். ஒரே திசையில் வந்து டயலையும் டி.ஆர்.ஓ.-வையும் பூச்சியமாக்குங்கள். இன்னும் 2 மி.மீ. அதே திசையில் சென்று, திரும்பி வந்து, டயல் முள் பூச்சியத்தில் நிற்கும்போது டி.ஆர்.ஓ. என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஸ்கேல் சரியாக இருக்கிறது. டி.ஆர்.ஓ. மட்டும் பின்தங்கினால் டயலின் முனையை ஸ்லைடிலிருந்து எடுத்து, ஹெட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் நுனியில் வையுங்கள். பிறகு இயந்திரத்தை நகர்த்தாமல், ஒரே ஒரு விரலால் ஹெட்டை ஸ்கேலின் நீளவாக்கில் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தம் மில்லிங் மெஷினின் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, பொட்டி போச்சு. புதுசு வாங்கணும்" என்றார். "அண்ணா, பொட்டிய அப்புறம் பாக்கலாம், வாங்க, மெஷினப் பாப்போம்" என்று அவரோடு கிளம்பிப் போனேன். 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியக் கோணப் பட்டையை ஒரு சாண் நீளத்துக்கு நீட்டி, அதன் நுனியில் ஹெட்டை மாட்டியிருந்தார். என் சுண்டுவிரலால் தொட்டதும் டயல் முள் 0.04 வரை போய்விட்டு, விரலை எடுத்ததும் 0.01-இல் நின்றது. அவர் சிறிது நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் விரலை வைத்து மறுபடி அழுத்திப் பார்த்தார். அன்று மாலையே பட்டையைக் கழற்றி, 12 மி.மீ. எஃகுத் தகட்டில், பாதி நீளத்தில் ஒரு பிராக்கெட்டை வெட்டிப் பொருத்தினோம். அதே பெட்டி இன்றும் அங்கே ஓடுகிறது.

அந்தப் பட்டை அவ்வளவு வளைந்ததற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் பிடித்து நீட்டிய பட்டையின் நீளத்தை இரட்டித்தால் அதே விசைக்கு அதன் வளைவு எட்டு மடங்காகும். தடிப்பை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். கண்ணாடி ஸ்கேலின் ரப்பர் உதடுகள் ஹெட்டைப் பிடித்து இழுக்கும் சிறு விசையே மெல்லிய பட்டையை வளைக்கப் போதுமானது. ஆகவே பிராக்கெட் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். அதை இரண்டு திருகுகளாலாவது இறுக்குங்கள். இயந்திரத்தின் பெயின்ட்டுக்கு மேல் அல்லாமல், சுரண்டிய வார்ப்பிரும்பின்மேல் உட்காரவையுங்கள்.

பிராக்கெட் அசையாதிருந்தும் பிழை தொடர்ந்தால், ஸ்கேல் ஸ்லைடின் ஓட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயலை ஸ்லைடில் பொருத்தி, அதன் முனையை ஸ்கேல் உறையின் மேல்முகத்திலும் பிறகு பக்கமுகத்திலும் வைத்து முழு நீளமும் ஓட்டுங்கள். இரண்டிலும் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் திருப்தி அடையலாம். சாய்வினால் நேரடியாக வரும் அளவுப் பிழை உண்மையில் மிகச் சிறியது: 300 மி.மீ. நீளத்தில் ஒரு முழு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் அளவு 0.002 மி.மீ. கூட மாறாது. சாய்வின் தீங்கு வேறு வழியில் வருகிறது. ஹெட் ஒரு பக்கமாக நெருக்கப்பட்டு, உராய்ந்து, பிராக்கெட்டை வளைத்து, ஓட்டத்தின் ஒரு முனையில் சரியாகவும் மறு முனையில் தவறாகவும் காட்டும். வார்ப்பின் முகம் கரடுமுரடாக இருந்தால் உறைக்குப் பின்னால் ஒரு தடித்த பட்டையை வைத்து, ஷிம் எனப்படும் மெல்லிய தகடு கொடுத்து நேராக்குங்கள்; திருகை மட்டும் இறுக்கி உறையை வளைத்து நேராக்க முயலாதீர்கள்.

ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் பட்டையான ஜிப் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். திசை மாறும்போது டேபிள் சற்றுத் திரும்பிக்கொள்வதால், பின்புறம் உள்ள ஸ்கேல் ஓர் அளவும் முன்புறம் உள்ள ஜாப் வேறோர் அளவும் நகர்ந்திருக்கும். டயலை டேபிளின் முன் விளிம்பில் ஒரு முறை, பின் விளிம்பில் ஒரு முறை வைத்துப் பார்த்தால் இது வெளிப்படும்.

மோட்டார் ஓடும்போது எண் தாவுகிறது

மோட்டார் நின்றிருக்கும்போது சரியாக இருக்கும் எண் ஸ்விட்சைப் போட்டவுடன் தாவினால், அது மின் இரைச்சல். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். ஆலையிலிருந்து வந்த இயந்திரத்திலோ மூன்று ஃபேஸ் மோட்டார். ஆகவே பலர், ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. என்ற மின்னணுப் பெட்டியை வைத்து ஓட்டுகிறோம். அது வேகமாக மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து அனுப்புவதால், பக்கத்தில் போகும் எந்தக் கேபிளுக்குள்ளும் இரைச்சலைப் புகுத்திவிடும்.

முதலில் எர்த்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் டி.ஆர்.ஓ. பெட்டியின் பிளக் நம் மூன்று உருண்டைக் கால் சாக்கெட்டுக்குப் பொருந்தாது. அதற்காக நாம் கடையில் வாங்கும் மலிவான அடாப்டர்களில் சில இரண்டு கால்களை மட்டுமே இணைத்து, எர்த்தை அந்தரத்தில் விட்டுவிடுகின்றன. அடாப்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, கேபிளின் நுனியில் நம் நாட்டு மூன்று கால் பிளக்கையே பொருத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் சாக்கெட்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் எர்த் காலுக்கும் இயந்திரத்தின் உடலுக்கும், ஸ்கேல் உறைக்கும், பெட்டியின் உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 ஓமுக்கு மேல் இருந்தால் எங்கோ பெயின்ட்டோ துருவோ நடுவில் நிற்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் இது எளிதில் நேரும். உறையின் திருகுக்குக் கீழே சுரண்டி, பச்சை மஞ்சள் கம்பியொன்றால் இயந்திரத்தோடு இணைத்துவிடுங்கள்.

அடுத்தது கேபிள்கள். மோட்டாருக்குப் போகும் கேபிள் கவசம் உள்ளதாகவும், அந்தக் கவசம் வி.எஃப்.டி.யின் எர்த் முனையில் இறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஸ்கேல் கேபிளை அதிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மிச்ச நீளத்தை மோட்டாருக்கு அருகில் சுருட்டி வைக்காதீர்கள். வி.எஃப்.டி. செட்டிங்கில் கேரியர் அதிர்வெண்ணை, அதாவது அது மின்சாரத்தைத் துண்டிக்கும் வேகத்தை, குறைத்தால் மோட்டாரின் கீச்சொலி கூடும், இரைச்சலின் தொல்லை குறையும். அதன்பிறகும் தாவினால் ஸ்கேல் கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட் வளையம் போட்டுப் பாருங்கள்.

எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் எண் தாவுவது நின்றுவிடுகிறது என்று சொல்வோரும் உண்டு. நின்றாலும் அதைச் செய்யாதீர்கள். ஈரமான கான்கிரீட் தரையில் வெறுங்கையோடு இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நம்மைக் காப்பது அந்தக் கம்பி. வி.எஃப்.டி.யின் வடிகட்டி சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடுவதால், நம் வீடுகளில் உள்ள 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் சில சமயம் விழும். அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்காமல், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள்.

கெப்பாசிட்டிவ் ஸ்கேலுக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மலிவான பல ஸ்கேல்களில் பேட்டரியின் நேர்முனைதான் ஸ்கேலின் உலோக உடலோடு இணைந்திருக்கும். எதிர்முனையை எர்த்தோடு இணைத்த ஒரு மின்வழங்கியை அதற்குக் கொடுத்தால், ஸ்கேல் இயந்திரத்தின்மேல் இருப்பதால் இரு முனைகளும் அதன் வழியே சந்தித்துவிடும். எர்த்திலிருந்து பிரிந்த வழங்கியையே பயன்படுத்துங்கள். பேட்டரியில் ஓட்டினால், எண்கள் மினுங்கத் தொடங்கியதுமே பேட்டரியை மாற்றுங்கள். வோல்ட் குறைந்த ஸ்கேல் கொஞ்ச நேரம் சரியாகவும் கொஞ்ச நேரம் தவறாகவும் காட்டி நம்மை அலைக்கழிக்கும்.

எப்போதும் ஒரே இடத்தில் தவறுகிறது

ஓட்டத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தைக் கடக்கும்போது மட்டும் எண் விட்டுப்போனால், கண்ணாடி ஸ்கேலில் அங்கே எண்ணெயோ கூலன்ட் கறையோ ஈரப் படலமோ இருக்கிறது. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் இரவு குளிர்ந்த இயந்திரத்தின்மேல் காலையில் வியர்வை போல நீர் படிவதைப் பார்த்திருப்பீர்கள். உறைக்குள்ளும் அப்படிப் படியலாம். உறையின் ரப்பர் உதடுகள் கீழ்நோக்கியோ, துருவல் தெறிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமோ இருக்குமாறு பொருத்துவது முதல் பாதுகாப்பு. சுத்தம் செய்ய, முனை மூடியைக் கழற்றி ஹெட்டை நேராக வெளியே எடுத்து, பஞ்சு உதிராத துணியைக் குச்சியில் சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கண்ணாடியின் நீளவாக்கில் ஒரே திசையில் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள். இந்த ஊர்க் காற்றை அழுத்தினால் தண்ணீரும் சேர்ந்து வரும். அது எண்ணெயோடு கலந்து உறைக்குள் போய்விடும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பகுதிகளில் பல கராஜ்களுக்குள் சேறு புகுந்தது. அப்படி மூழ்கிய ஸ்கேலைப் பெற்றால், ஹெட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்திப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மணல் கோடுகளைக் கீறிவிடும். முழுவதையும் இயந்திரத்திலிருந்து கழற்றி, உறையைத் திறந்து, சுத்தமான நீரால் சேற்றைக் கழுவி, ஆல்கஹாலால் அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பின்னரே ஹெட்டைப் போடுங்கள்.

காந்த ஸ்கேல் எண்ணெய்க்கும் நீருக்கும் அஞ்சாது. அதன் பகை இரும்புத் துருவலும் வேறு காந்தமும்தான். துருவலைத் துடைத்துவிடலாம். காந்தம் பட்டால் மீட்பு இல்லை. என் மில்லிங் மெஷினின் Y அச்சில், டயல் ஸ்டாண்டின் காந்த அடியை அவசரத்தில் நாடாவின்மேலேயே வைத்துத் திருப்பிவிட்டேன். அந்த இரண்டு அங்குல இடத்தில் அதற்குப் பிறகு எண் ஒருநாளும் ஒழுங்காக ஓடவில்லை; நாடாவை முழுவதும் உரித்துப் புதியதை ஒட்ட வேண்டியதாயிற்று. மேலே சொன்ன சோதனைகளில் எல்லாம் டயல் ஸ்டாண்ட் வருவதால், காந்த ஸ்கேல் வைத்திருப்பவர்கள் அதை எங்கே வைக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பார்த்து வைக்க வேண்டும்.

காலையில் சரி, மதியத்தில் தவறு

எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் 23, ஸ்கேலின் கண்ணாடி ஏறக்குறைய 8. டர்பனில் இது பெரும் தொல்லை அல்ல. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கும் என் உறவினரின் கராஜில், ஜூன் மாத விடியலுக்கும் பிற்பகலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் வரும். அந்த அளவுக்கு 800 மி.மீ. எஃகுத் தண்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாடு 0.04 மி.மீ.யைத் தாண்டும். வெட்டிச் சூடேறிய 300 மி.மீ. அலுமினியத் துண்டு ஸ்கேலைவிட 10 டிகிரி கூடச் சூடாக இருந்தாலே 0.05 மி.மீ.க்கு மேல் பொய் சொல்லும். கடைசி வெட்டுக்கு முன் ஜாப்பை ஆறவிடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. உலகம் முழுவதும் நீள அளவுகள் 20 டிகிரியில் உள்ள நிலைக்கே குறிக்கப்படுகின்றன.

மின்வெட்டுக்குப் பிறகு பூச்சியம் தொலைந்துபோகிறது

2023-ஆம் ஆண்டின் லோட் ஷெடிங் நாட்களில் ஜாப் பாதியில் இருக்கும்போது விளக்கு அணைந்து, இரண்டு மணி நேரம் கழித்து வந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பெட்டி கடைசி எண்ணை நினைவில் வைத்திருக்கும்; ஆனால் கண்ணாடி ஸ்கேலும் பெரும்பாலான காந்த ஸ்கேல்களும் மின்சாரம் இல்லாதபோது நடந்த நகர்வை எண்ணுவதில்லை. இருட்டில் கைப்பிடி ஒரு சுற்று திரும்பியிருந்தால், திரும்பி வரும் எண் முழுவதும் பொய். ஆகவே மின்சாரம் போனவுடன் முதலில் ஸ்லைடு பூட்டுகளை இறுக்குங்கள். பிறகு, மின்சாரம் திரும்பும் நொடியின் அதிர்ச்சி பெட்டியைத் தாக்காமலிருக்க, பிளக்கைக் கழற்றுங்கள்.

இதைவிட உறுதியான வழி ஜாப்பைத் தொடங்கும் முன்பே ஸ்கேலின் குறிப்புக் கோட்டைக் கண்டுபிடித்துப் பதிந்துவைப்பது. கண்ணாடி ஸ்கேல்களில் பெரும்பாலும் 50 மி.மீ.க்கு ஒன்றாக இக்கோடுகள் இருக்கும். எப்போதும் ஒரே கோட்டையே பயன்படுத்த வேண்டும் என்பதால், இயந்திரத்தின் உடலிலும் ஸ்லைடிலும் எதிரெதிரே பெயின்ட்டால் ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள்.

எண் சரி, டயலும் சரி, ஜாப் மட்டும் தவறு

ஸ்கேல் குற்றமற்றது என்று மேற்கண்ட சோதனைகளில் தெரிந்துவிட்டால், அது அளக்காத அசைவு எது என்று தேடுங்கள். லேத்தில் கிராஸ் ஸ்லைடின் மேல் இருக்கும் கம்பவுண்ட் ஸ்லைடின் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால் டூல் நகரும், டி.ஆர்.ஓ.-வுக்குத் தெரியாது. ஆகவே கம்பவுண்ட் ஸ்லைடை ஓரிடத்தில் நிறுத்தி ஜிப்பை இறுக்கிவிட்டு, வேலை முழுவதையும் சேடிலாலும் கிராஸ் ஸ்லைடாலும் செய்யுங்கள். மில்லிங் மெஷினில் கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் குவிலில் மட்டும் ஸ்கேல் இருந்தால், டேபிளை ஏற்றி இறக்கும் ‘நீ’ (knee) என்ற பகுதியின் அசைவு கணக்கில் வராது. வெட்டும்போது பேக்லாஷ் இருக்கும் தூரத்துக்குக் கட்டர் டேபிளை இழுத்துக்கொள்ளும். எண்ணைப் பார்த்து நிறுத்தியவுடன் பூட்டை இறுக்கி, இறுக்கும்போது எண் மாறுகிறதா என்றும் பார்த்துவிட்டு வெட்டுங்கள். மெல்லிய போரிங் பார் வளைந்து குறைவாக வெட்டினால், எண்ணை மாற்றாமல் அதே இடத்தில் இரண்டாவது முறை ஓட்டுங்கள். துருவல் மறுபடி வந்தால், முதல் ஓட்டத்தில் பார் வளைந்து நின்றது உறுதியாகும்.